நாற்பது மைக்ரோகிராம்

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்த இரண்டாவது வாரமே அரைநாள் விடுப்பு கேட்டேன். தலைமையாசிரியை முகத்தைச் சுளித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் ரஹ்மத் நிஷா ரத்தப் பரிசோதனை முடிவுகளை நிதானமாகப் படித்தார். கழுத்தில் இருக்கும் தைராய்டை என் உடம்பே எதிரி என்று நினைத்துத் தாக்கிக்கொண்டிருக்கிறதாம். இந்த அசதியும் முகவீக்கமும் அதனால்தானாம். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை போட வேண்டும். அதோடு இன்னொன்றும் சொன்னார். உடம்பில் செலினியம் குறைவு.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வருஷா வருஷம் வகுப்பில் நான் நடத்துகிற தனிமம். அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கும். தேர்வில் அதிலிருந்து கேள்வி வராது என்பதால் இரண்டு வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுவேன்.

"தைராய்டுக்கு அது கொஞ்சம் வேணும்மா. ரொம்பக் கொஞ்சம். இதுதான் மருந்துன்னு நினைச்சிராதீங்க. மருந்து மாத்திரைதான். இது ஒரு குறை, சாப்பாட்டுல சரிபண்ணணும், அவ்வளவுதான். என்ன சாப்பிடுவீங்க?"

"சோறு, சாம்பார், ரசம், காய், தயிர்."

"முட்டை, மீன்?"

"எங்க வீட்ல சுத்த சைவம் டாக்டர்" என்றான் கூட வந்திருந்த என் கணவன் தாணு.

"உங்ககிட்ட கேக்கல சார். இவங்ககிட்ட கேக்கேன்."

"கல்யாணத்துக்கு முன்னாடி தினமும் மீன்தான். இப்ப அஞ்சு வருஷமா இல்ல" என்றேன்.

"எந்த ஊரு நீங்க?"

"தூத்துக்குடி."

டாக்டர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார், பிறகு தாணுவைப் பார்த்தார். குழந்தைக்குத் திட்டம் இருக்கிறதா என்று கேட்டார். இப்போதைக்கு இல்லை என்று தாணுவே சொன்னான். நான் சுவரில் தொங்கிய காலண்டரில் ஒட்டகம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 10

மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் காபி கூடாதாம். நோயே பரவாயில்லை.

ஜூன் 12, வியாழன்

படித்துப் பார்த்தேன். ஒரு நாளைக்கு நாற்பது மைக்ரோகிராம் போதும். ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டு அதில் நாற்பது பங்கு. கண்ணுக்கே தெரியாது. மண்ணில் இருந்தால்தான் தானியத்தில் இருக்கும். மண்ணுக்கு மண் மாறும். தீட்டிய வெள்ளை அரிசியில் மிச்சம் இருப்பது குறைவு. மூன்று வேளையும் நாங்கள் தின்பது அதைத்தான். முட்டை ஒன்றில் பதினைந்து வரை. சாளை மீனில் நாலு தின்றால் அன்றைய கணக்கு முடிந்தது.

முட்டையை மட்டும் இரவு சாப்பிடும்போது வீட்டில் சொல்லிப் பார்த்தேன்.

மாமா, அதாவது தாணுவின் அப்பா ஆவுடையப்பன், கருவூலத்தில் அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். அத்தை நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். கல்யாணத்தின்போது மாமா சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. இரண்டே இரண்டு நிபந்தனை. மாதா கோயிலுக்குப் போகலாம், தடையில்லை. ஆனால் இந்த வீட்டுக்குள் கவுச்சி வரக்கூடாது. இரண்டாவது, ஜெனோவா என்ற பேர் வாயில் நுழையவில்லை, அதனால் ஜெயா. இரண்டுக்கும் தலையாட்டினேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. தாணுவின் முகத்தைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

"சைவத்துல இல்லாத சத்தாம்மா?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் முட்டை தின்னா தொண்ணூறு வயசு இருந்தாவ? கோமுகிட்ட கேளு. அமெரிக்காவுல சைவத்துக்கு எல்லாம் இருக்கும்."

கோமு தாணுவின் அக்கா. ஹூஸ்டனில் இருக்கிறாள். தாணு உடனே ஃபோனை எடுத்தான்.

ஜூன் 16, திங்கள்

ஹூஸ்டனிலிருந்து ஊருக்கு வந்த யாரோ ஒருவர் கையில் கோமு கொடுத்தனுப்பிய பொட்டலம் வந்துவிட்டது. பிரேசில் நட். கட்டைவிரல் அளவு, பலாக்கொட்டை மாதிரி இருக்கிறது. செலினியம் இதைவிட அதிகமாக வேறு எதிலும் இல்லையாம்.

மாமாவுக்கு ஏக சந்தோஷம். "பாத்தியா, கொட்டையிலயே இருக்கு!" பூஜை முடிந்ததும் வெண்கலக் கிண்ணத்தில் அவரே ஒரு கை அள்ளிப் போட்டுக் கொடுத்தார். "ஒண்ணு விடாம தின்னுரணும்" என்றார். கூட உட்கார்ந்து நான் மென்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நல்ல மனிதர்தான். எழுதிவைக்கிறேன், ஏனென்றால் இது உண்மை.

ஜூன் 29, ஞாயிறு

வீட்டை ஒட்டடை அடித்தேன். திரைச்சீலைகள் துவைத்தேன். கொட்டை. மாத்திரை. தெருமுனையில் மீன் விற்கிற அக்கா மீன்பிடித் தடைக்காலம் முடிந்து மறுபடி வர ஆரம்பித்திருக்கிறாள். ஹாரன் சத்தம் கேட்டது. ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூலை 13, ஞாயிறு

தலை சீவினால் கொத்தாக வருகிறது. குளியலறைத் தண்ணீர் போகிற துவாரம் அடைத்துக்கொண்டது. நகத்தில் வெள்ளை வெள்ளையாகக் கோடு. விரல் சுவரில் பட்டாலே நகம் உடைகிறது. தைராய்டுக்கு முடி கொட்டத்தான் செய்யும் என்று தாணு சொல்கிறான். அப்படியானால் மாத்திரை ஆரம்பித்ததும் நிற்க வேண்டாமா? ஏன் கூடுகிறது?

வாயில் எப்போதும் பழைய காசைச் சப்பிய ருசி. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். வெள்ளிக்கிழமை ஒரு பெண் சோதனைக்குழாயை உடைத்ததற்கு அவ்வளவு கத்தினேன். அவள் அழுதாள்.

ஜூலை 19, சனி

இன்று நடந்ததை எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

காபி கொடுக்கப் போனபோது மாமா தலையைத் திருப்பிக்கொண்டார். "ஜெயா, ஒண்ணு கேக்கேன், மறைக்காம சொல்லணும். பள்ளிக்கூடத்துல யார்கிட்டயாவது வாங்கித் திங்கியா?"

"என்னத்தை மாமா?"

"உன் வாயில வாடை அடிக்கி. பூண்டு வாடையா, முட்டை வாடையா தெரியல. ஒரு வாரமா அடிக்கி."

நான் எதுவும் தின்னவில்லை என்றேன். அவர் தாணுவைப் பார்த்தார். தாணு என் பக்கத்தில் வந்தான். "வாயத் திற ஜெனோ" என்றான். வேடிக்கையாகச் சொல்வது போலத்தான் சொன்னான். குனிந்து முகர்ந்து பார்த்தான். பிறகு அப்பாவிடம், "ஆமா, லேசா அடிக்கி" என்றான்.

முப்பத்தொரு வயதுப் பெண்ணின் வாயை, நடுக்கூடத்தில் நிறுத்தி, முகர்ந்து பார்த்தார்கள்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. பூண்டு வாடை. செலினியம் உடம்பில் மிஞ்சினால் மூச்சில் வெளியேறும், அதன் வாடை பூண்டு மாதிரி இருக்கும். நான்தானே நடத்துகிறேன், அந்த இரண்டு வாக்கியத்தில் ஒன்று அதுதானே! வெண்கலக் கிண்ணத்தைத் துடைத்துக் கவிழ்த்து வைத்தேன். இனி அதை எடுக்க மாட்டேன்.

ஜூலை 21, திங்கள்

"தினமும் எத்தனை?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒரு கை. பத்து இருக்கும்."

டாக்டர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "ஒரு கொட்டையே ஒரு நாளைக்கு மிச்சம்மா. அதுலயும் எந்தக் கொட்டையில எவ்வளவு இருக்கும்னு சொல்ல முடியாது. பத்தா! கூடினா விஷம்தான. நல்லவேளை வந்தீங்க. நிறுத்திட்டா முடி திரும்ப வந்துரும், பயப்படாதீங்க."

தாணுவின் முகம் சுருங்கிவிட்டது. "நல்லதுதான்னு நினைச்சு..." என்று இழுத்தான்.

"நல்லதுதான். அளவா இருந்தா." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஒரு மாசம் போகட்டும், முதல்ல உடம்புல மிஞ்சினது இறங்கட்டும்னு சொல்லுவேன். ஆனா சாதாரணச் சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். கொட்டை, கேப்ஸ்யூல்னு போகாதீங்க, சோறு கறியில வர்றது போதும். சைவமா இருந்தாலும் முடியும். கோதுமைய முழுசா அரைச்ச மாவு, பருப்பு, காளான், தயிர், சூரியகாந்தி விதை. கொஞ்சம் பாத்துச் சாப்பிடணும். முட்டை சேத்தா சுலபம். மீன்னா ரொம்பச் சுலபம். எது உங்களுக்குத் தோது?"

தாணு வாயைத் திறந்தான்.

"மீன்" என்றேன்.

சத்துக்காகத்தான் சொன்னேன். சுலபமானதைத்தான் சொன்னேன்.

ஜூலை 24, வியாழன்

ஆடி அமாவாசை. மாமா ஆற்றுக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்துவிட்டு வந்தார். அவருக்கு வேண்டிய காய்கறி எல்லாம் செய்தேன், வெங்காயம் பூண்டு இல்லாமல், குளித்து ஈரத் தலையோடு. காக்காவுக்குச் சோறு வைத்தேன். அவருடைய அப்பா அம்மாவின் நாள். அதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை.

கொட்டை விஷயம் தெரிந்ததிலிருந்து அவர் என்னிடம் அதிகம் பேசவில்லை. பொட்டலத்தை அவரே குப்பையில் போட்டார். வாடை விஷயத்துக்கு மன்னிப்பு மாதிரி ஏதும் வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

வாங்கிவிட்டேன்.

மீன் அக்கா பேர் லூர்து. மொபெட்டின் பின்னால் தெர்மாகோல் பெட்டி, ஐஸுக்குள் சாளை மின்னியது. நான் செவுளைத் தூக்கிப் பார்த்ததுமே அவள் இடுப்பில் கைவைத்தாள்.

"ஏளா, நீ கடக்கரைக்காரியால்ல? இந்தத் தெருவுல செவுளத் தூக்கிப் பாக்க ஆரு இருக்கா? எந்த ஊரு?"

சொன்னேன். எந்தத் தெரு, யார் மகள் என்று கேட்டாள். அதையும் சொன்னேன். "அட, கெபிரியேல் மவளா!" என்று ஒரு கை சேர்த்து அள்ளிப் போட்டாள். தெருவே கேட்டிருக்கும். கேட்கட்டும்.

புதுச் சட்டி, புது அகப்பை, பழைய மின்சார அடுப்பு எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றினேன். பக்கத்து வீட்டு ராஜம்மா துணி காயப்போட வந்தவள், வாளியை அப்படியே வைத்துவிட்டு நின்றாள். புளி கரைத்து, தேங்காய் அரைத்து, மாங்காய் நறுக்கிப் போட்டேன். ஐந்து வருஷம் ஆகியும் கைக்கு எதுவும் மறக்கவில்லை. குழம்பு கொதித்த நேரம் மாமா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"ஜெயா, இது என்ன?"

"சாளைக் குழம்பு மாமா. டாக்டர் சொன்னது."

"வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொல்லியிருந்தேன்லா?"

"வீட்டுக்குள்ள வரல மாமா. மாடியில இருக்கு."

"வக்கீல் மாதிரிப் பேசாத." மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கோதுமையிலயும் பருப்புலயும் இருக்குன்னு டாக்டரம்மா சொன்னதா தாணு சொன்னான். அதை விட்டுட்டு இதைத்தான் எடுக்கணுமா?"

"உங்க கொட்டையைத் தின்னேன் மாமா. அஞ்சு வாரம் தின்னேன். முடி போச்சு. வாயை மோந்து பாத்தீங்க. இனி நான் என்ன திங்கணும்னு நான் பாத்துக்கிடுதேன்."

ராஜம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டாள்.

மாமா படியை நோக்கித் திரும்பினார். "மீன் கொதிக்கிற வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்" என்றார். சட்டையைப் போட்டுக்கொண்டு, குடையோடு, சைவ மெஸ்ஸுக்குப் போய்விட்டார்.

மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டேன். ருசியாக இருந்தது.

ஜூலை 28

மாமா மூன்று வேளையும் மெஸ். நான் பிளஸ் டூவுக்கு முதல் அலகுத் தேர்வு வைத்தேன்.

ஆகஸ்ட் 2, சனி

தாணு மூன்று நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததை இன்று சொன்னான். "நான் வேண்டாம்னு சொல்லல ஜெனோ. வாரத்துக்கு ரெண்டு தரம் நாம வெளிய ஓட்டல்ல போய்ச் சாப்பிடுவோம். அப்பாவுக்கு எதுக்குத் தெரியணும்? அவருக்கும் நிம்மதி, உனக்கும் அந்தச் சத்து கிடைச்சிரும்."

"ஒளிஞ்சு திங்கச் சொல்லுதியா?"

"ஒளிஞ்சு இல்ல, வெளிய..."

"ஒளிஞ்சுதான்."

அவனிடம் வேறு ஒன்றையும் சொன்னேன். சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கவில்லை. போன கார்த்திகையில் மூன்றாம் மாதக் கரு கலைந்து நான் படுத்திருந்தபோது, அம்மா தூத்துக்குடியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தாள். நெத்திலியை மிளகும் பூண்டும் தட்டிப் போட்டுச் சாறு வைத்து, தூக்குவாளியில், மடியில் வைத்தே கொண்டுவந்தாள். எங்கள் பக்கம் அப்படிப் படுத்திருக்கிறவளுக்கு அதைத்தான் முதலில் கொடுப்பார்கள். வாசலில் மாமா கைகூப்பி, "தப்பா நினைக்காதீங்க, இது மட்டும் உள்ள வேண்டாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். தாணு அவர் பின்னால் நின்றான். அம்மா வாளியைக் காம்பவுண்டுச் சுவரில் வைத்துவிட்டு வெறுங்கையோடு உள்ளே வந்து என் தலையைத் தடவினாள். பூனை அதைத் தட்டிவிட்ட சத்தம் எங்கள் இரண்டு பேருக்குமே கேட்டது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அதற்குப் பிறகு அவள் இந்த வீட்டுக்கு வரவும் இல்லை.

"எனக்கு அன்னைக்கு என்ன செய்யன்னு தெரியல ஜெனோ" என்றான் தாணு.

"ஒரு வாளியைத் தூக்கி உள்ள வைக்கத் தெரியல."

அவன் அழுதான். நான் அழவில்லை. அதற்கும் மீனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்கு வேண்டியது செலினியம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை. மாடியில் அடுப்பு வைக்க முடியாது. குடையைப் பிடித்துக்கொண்டு பொரித்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு எனக்கே வெட்கமாகிவிட்டது, நான் என்ன திருடியா? சட்டியைத் தூக்கிக்கொண்டு நேராகச் சமையலறைக்குள் வந்தேன். மேடையின் ஒரு ஓரத்தை எனக்கென்று ஒதுக்கிக்கொண்டேன். மாமாவின் பாத்திரங்களைத் தனி அலமாரியில் ஏற்றிக் கதவை மூடினேன். தாணு வந்து மாங்காயை நறுக்கிக் கொடுத்தான். கோணல் மாணலாக.

மாமா ஹாலைத் தாண்டிப் போகும்போது துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

ஆகஸ்ட் 12

பேர் விஷயம். காலையில் மாமா "ஜெயா" என்று கூப்பிட்டார். நான் திரும்பவில்லை. இரண்டாவது தடவையும் திரும்பவில்லை. பிறகு அவர் கூப்பிடவே இல்லை. பேப்பர்காரனிடம் அவரே போய்ப் பேசிக்கொண்டார்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோமு மதினி ஃபோன். மன்னிப்பு கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டாள். கொட்டைப் பொட்டலத்தின் மேலேயே போட்டிருந்ததாம், ஒன்றிரண்டுக்கு மேல் வேண்டாம் என்று, அவள் படிக்கவில்லையாம். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"ஜெனோவா, உனக்கு மட்டும் சொல்லுதேன். நானே இங்க சால்மன் திங்கேன். பிள்ளைகளும்தான். பத்து வருஷமாச்சு. இங்க எல்லாரும் அப்படித்தான். அப்பாவுக்கு இப்படி நேரா மூஞ்சியில அடிச்ச மாதிரி செய்யணுமா? நைஸா, தெரியாம சாப்பிட்டுக்கோயேன். வயசானவருலா, மனசு உடைஞ்சிரும்."

எனக்கு என் காதையே நம்ப முடியவில்லை. ஒரு நொடியில் இந்தச் சண்டையை முடித்துவிடலாம். ஹாலுக்குப் போய், 'உங்க மகளும் திங்கா' என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அடுப்பை அணைத்துவிட்டு ஹால் வாசல்வரை போனேன். மாமா ஈஸிசேரில் கண்ணை மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். மெஸ் சாப்பாட்டில் கன்னம் ஒட்டியிருந்தது.

திரும்பி வந்துவிட்டேன். அவள் ரகசியத்தைப் பிடுங்கி நான் ஜெயிக்க வேண்டியதில்லை. என் சாப்பாட்டை நான் என் பேரில் தின்பேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மெஸ்காரர் மகளுக்குக் கல்யாணமாம். ஐந்து நாள் மெஸ் இல்லை. மாமா மதியம் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பள்ளியிலிருந்து வந்தபோது அவர் ஒரு வாழைப்பழம் மட்டும் தின்றிருந்தார் என்று தோல் சொன்னது.

அலமாரியைத் திறந்து அவருடைய பாத்திரங்களை எடுத்து, அவர் கண்ணெதிரே புளி போட்டுத் தேய்த்தேன். முழுக் கோதுமை மாவில் சப்பாத்தி, பாசிப்பருப்புக் கூட்டு. தட்டை வைத்தேன். அவர் சமையல் மேடையை எட்டிப் பார்த்தார்.

"இந்த மேடையிலதான அதையும்..."

"அந்த ஓரம் மாமா. இது இந்த ஓரம். நடுவுல ஒரு முழம் இருக்கு."

சாப்பிட்டார். இன்னொரு சப்பாத்தி வேண்டுமா என்றேன். வேண்டாம் என்றார். பிறகு அவராகவே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மெஸ் திறந்துவிட்டது. மாமா போகவில்லை. நான் சூரை மீன் வாங்கினேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தன் அறையில் சாப்பிட்டார், கதவைச் சாத்திக்கொண்டு. இது வெற்றியா தோல்வியா தெரியவில்லை.

முன்நெற்றியில் குட்டி குட்டியாக முடி முளைத்திருக்கிறது.

செப்டம்பர் 6, சனி

டாக்டர் சிரித்தார். "எல்லாம் அளவுக்கு வந்துருச்சு. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. மாத்திரையைத் தொடருங்க." தைராய்டைத் தாக்குகிற சங்கதி அப்படியேதான் இருக்கிறது, அது ஒரே நாளில் போகாது என்றும் சொன்னார். குழந்தை பற்றி இந்த முறை நானே கேட்டேன். முயற்சி செய்யலாம், மாத்திரை அளவை அடிக்கடி பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் என்றார். தாணு என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மீன் தொடர்ந்து சாப்பிட்டுத்தான் ஆகணுமா டாக்டர்?" என்று அவன் கேட்டான்.

டாக்டர் யோசித்துப் பார்த்து நேர்மையாகப் பதில் சொன்னார். "கட்டாயம் இல்ல. இப்ப வீட்ல சப்பாத்தி, பருப்பு, காளான், தயிர்னு சேத்துக்கிடுதீங்க. அதைக் கவனமா தொடர்ந்தாலே செலினியத்துக்குப் போதும். மீன் சாப்பிடுறதும் சாப்பிடாததும் இனி இவங்க இஷ்டம்."

வண்டியில் வரும்போது தாணுவின் முதுகே லேசாகிவிட்டது தெரிந்தது. "அப்ப பிரச்சினை முடிஞ்சிருச்சுலா?" என்றான் சிக்னலில்.

பச்சை விழுந்துவிட்டது, போ என்றேன். எனக்கு எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது. நல்ல செய்திக்கு யாருக்காவது இப்படி இருக்குமா?

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையிலிருந்து ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். கோதுமை போதும். பருப்பு போதும். தயிர் போதும். கையில் காரணம் எதுவுமில்லை. ஹாரன் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.

லூர்து அக்காவிடம் சாளை வாங்கினேன். தாணு வாசலில் நின்று பார்த்தான். பிறகு என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டு, அவனே உள்ளே கொண்டுபோய் மேடையில் வைத்தான். வாசல் வழியாக. நடுக்கூடம் வழியாக.

மசாலா தடவிப் பாதியைப் பொரித்துக்கொண்டிருந்தபோது மாமா சமையலறை நிலைப்படியில் வந்து நின்றார். துண்டு தோளில்தான் இருந்தது, மூக்கில் இல்லை.

"டாக்டரம்மா இனி அவசியமில்லன்னுட்டாவளாமே?"

"ஆமா மாமா. கோதுமையும் பருப்புமே போதுமாம்."

"பிறகு எதுக்கு இது?"

சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. அயோடின் இருக்கிறது, நல்ல கொழுப்பு இருக்கிறது, வேதியியல் ஆசிரியை என்றால் அரைமணி நேரம் பேசலாம். சட்டியில் மீனைத் திருப்பிப் போட்டேன்.

"எனக்குப் பிடிக்கும் மாமா. நான் இதைத் தின்னு வளந்தவ. அஞ்சு வருஷமா இல்லாம இருந்தேன், இனி இருக்க மாட்டேன். வேற காரணம் இல்ல."

எண்ணெய் சடசடத்தது. அவர் நகரவில்லை.

"கோமுவும் திங்கா" என்றார் திடீரென்று.

நான் அவரைப் பார்த்தேன்.

"வீடியோவுல பேசிக்கிட்டு இருக்கும்போது பின்னால தட்டுல கிடந்தது. என்னதும்மா அதுன்னு கேட்டேன். டோஃபுன்னா, சோயா பன்னீராம். டோஃபுவுல முள்ளெடுத்துப் பிள்ளைக்கு ஊட்டுதா!" கசப்பாகச் சிரித்தார். "ரெண்டு வருஷமாச்சு. நான் கேக்கல. பெத்த மக எங்கிட்ட பொய் சொல்லுதா, நானும் அதை நம்புத மாதிரி இருக்கேன். நீ மூஞ்சிக்கு நேரா சொல்லுத."

"மறைக்க எனக்குத் தெரியாது மாமா."

"அதுக்காக எனக்குச் சம்மதம்னு நினைச்சிராத. எனக்குக் குமட்டத்தான் செய்யி. சாகுற வரைக்கும் குமட்டும்."

"சம்மதம் கேக்கல மாமா."

"கேக்கலதான்." துண்டை உதறித் தோளில் போட்டார். "அந்த வாசல் கதவைத் திறந்து வை, புகை வெளிய போகட்டும். என் ரசத்துக்கு ரெண்டு மல்லித்தழை கிள்ளிப் போடு, ஜெனோவா."

வாயில் நன்றாகவே நுழைந்தது.

மதியம் மூவரும் கூடத்தில் உட்கார்ந்தோம். மாமா அறைக்குப் போகவில்லை. நாற்காலியை மட்டும் மேசையின் அந்தக் கோடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, ரசம் சாதத்தைச் சாப்பிட்டார். தாணு நடுவில், பருப்புச் சோறு. நான் இந்தப் பக்கம். வாசல் கதவு திறந்தே கிடந்தது. தெருவில் போன ராஜம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். நான் தலையை அசைத்தேன்.

நான்கு சாளை தின்றேன். முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கினேன். பிறகு கையை நீட்டி ஐந்தாவதை எடுத்துக்கொண்டேன்.